சர்வருக்கும் ஷட்டர் வேண்டும்: ஃபயர்வால் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

நமது உறுப்பினர்களில் பலர் தற்சமயம் சொந்தமாக இணையதளம் வைத்து ஆர்டர் எடுக்கிறார்கள். சில்லறைக் கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தபடியே, துவரம்பருப்பு இரண்டு மூட்டை, சர்க்கரை மூன்று மூட்டை என்று மொத்த வியாபாரியின் இணையதளத்தில் பதிந்துவிடுகிறார். காலையில் சரக்கு வண்டி ஏறிவிடுகிறது. இரு தரப்புக்கும் சௌகரியமான ஏற்பாடு இது. ஆனால் அந்த இணையதளம் இயங்கும் கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, யார் காவல் காக்கிறார்கள் என்று கேட்டால், "செட் பண்ணிக் கொடுத்த பையன் பார்த்துக்கொள்வான்" என்பதே பதிலாக வருகிறது.

அந்த சர்வரில் இருப்பது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் கடைக்கு என்ன விலை போட்டோம், யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எத்தனை நாள் தவணை, வாடிக்கையாளர்களின் முகவரி, போன் நம்பர், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சுருங்கச் சொன்னால் அது நமது பேரேடு. பேரேட்டைக் கல்லாவில் வைத்துப் பூட்டும் வழக்கம் உள்ள நாம், அதே பேரேடு சர்வருக்குப் போனதும் பூட்டைப் பற்றிக் கேட்காமல் இருப்பது முறையாகாது. அந்தப் பூட்டுகளில் முதலாவதான ஃபயர்வாலைப் பற்றி, தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே காண்போம்.

ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். மாத வாடகைக்கு ஆயத்த ஆன்லைன் கடை தரும் நிறுவனங்களிடம் கடை நடத்துவோருக்கு ஃபயர்வால் வேலை அந்த நிறுவனத்தையே சேர்ந்தது. அவர்கள் தமது பாஸ்வேர்டைப் பத்திரப்படுத்தி, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டையும் போட்டுக்கொண்டால் போதும். தனியாக சர்வர் வாடகைக்கு எடுத்திருப்பவர்களும், கடையிலேயே சர்வர் வைத்திருப்பவர்களும்தான் இக்கட்டுரையைக் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள்.

ஃபயர்வால் என்பது என்ன?

அடுத்தடுத்த கட்டிடங்களில் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவாதிருக்க இடையில் எழுப்பும் கனமான சுவருக்கு ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்று பெயர். கம்ப்யூட்டர் துறையினர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இங்கே அது செங்கல் சுவர் அல்ல. சர்வருக்குள் வரும், சர்வரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் நிறுத்திப் பார்த்து, விடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் மென்பொருள் அல்லது கருவி. பொட்டலத்தின் மேல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வாசலுக்கு என்ற மூன்று விவரமும் இருக்கும். அவற்றைப் பார்த்து, நாம் எழுதிக் கொடுத்த விதிப் பட்டியலின்படி அது நடந்துகொள்ளும். நாம் பட்டியலைத் தவறாக எழுதிக் கொடுத்தால் ஃபயர்வாலும் தவறாகவே நடக்கும். வாட்ச்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைக்குக் கதவிலக்கம் இருப்பதைப் போல சர்வருக்கு ஐ.பி. முகவரி உண்டு. அந்த ஒரே முகவரியில் 65,535 வாசல்கள் உண்டு. இவற்றை போர்ட் என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் எண் வழக்கத்தில் இருக்கிறது.

80, 443: இணையதளத்தைப் பார்ப்பதற்கு. 443 பூட்டு அடையாளம் உள்ள பாதுகாப்பான வழி.
22: லினக்ஸ் சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்கு.
3389: விண்டோஸ் சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து பார்த்து இயக்குவதற்கு.
3306, 5432, 1433: கணக்கு விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸ்களுக்கு.
445: விண்டோஸில் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்வதற்கு.

இவற்றில் வாடிக்கையாளருக்குத் தேவைப்படுபவை முதல் வரியில் உள்ள இரண்டு மட்டுமே. மற்றவை நமக்கும் நமது ஆட்களுக்கும் உரிய பின்வாசல்கள். பின்வாசலைக் கடைத்தெருவை நோக்கித் திறந்து வைக்கலாகாது என்பதே ஃபயர்வால் பாடத்தின் சாரம்.

நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

"நாம் சின்ன வியாபாரி, நம்மிடம் என்ன இருக்கிறது" என்று எண்ணுவோர் உண்டு. இணையத்தில் திருடுபவர்கள் ஆளைப் பார்த்து வருவதில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் வேலையை மென்பொருளே இரவு பகலாகச் செய்கிறது. எந்தக் கதவு திறக்கிறதோ அதற்குள் நுழைகிறது. கதவு பெரிய கம்பெனியுடையதா, மளிகைக் கடையுடையதா என்று அது பார்ப்பதில்லை.

இதற்கு நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு மென்பொருள் இணையத்தில் பரவியது. அதன் அளவு வெறும் 376 பைட்டுகள். இக்கட்டுரையின் ஒரு பத்தியைவிடச் சிறியது. மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 1434 என்ற வாசல் வழியாக அது நுழைந்தது. பத்தே நிமிடத்தில், அதற்கு இடங்கொடுக்கக் கூடிய கம்ப்யூட்டர்களில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் சுமார் 13,000 ஏ.டி.எம்.களில் மக்கள் பணம் எடுக்க முடியாமல் திண்டாடினார்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆறு மாதமாகியும் பலர் அதைப் போடவில்லை. இரண்டு, 1434 என்ற வாசல் உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஃபயர்வாலில் அந்த ஒரு வாசலை மூடி வைத்திருந்தவர்களுடைய சர்வரை, திருத்தம் போடாத நிலையிலும், வெளியிலிருந்து வந்த புழு நெருங்க முடியவில்லை. பின்னர் 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற மென்பொருள் 445 என்ற வாசல் வழியாகப் பரவி, சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்போதும் கதை இதேதான். திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. வாசலை அடைக்காதவர்களும் இருந்தார்கள்.

எல்லாம் மூடு, வேண்டியதை மட்டும் திற

விதிப் பட்டியல் எழுத இரண்டு முறைகள் உண்டு. எல்லாவற்றையும் திறந்து வைத்துக் கெட்டதை மட்டும் தடுப்பது ஒரு முறை. எல்லாவற்றையும் மூடிவிட்டு வேண்டியதை மட்டும் திறப்பது மற்றொரு முறை. முதல் முறையில் நாம் மறந்துபோன ஒவ்வொன்றும் திறந்த வாசலாக நிற்கும். இரண்டாவது முறையில் மறந்துபோனது மூடியே இருக்கும். யாராவது வேலை நடக்கவில்லை என்று சொன்னபின் திறந்துகொள்ளலாம். ஆகவே இரண்டாவதே சரியான முறையாகும்.

ஆர்டர் எடுக்கும் இணையதளமும் டேட்டாபேஸும் ஒரே லினக்ஸ் சர்வரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், உள்ளே வருபவற்றுக்கான பட்டியல் இவ்வளவுதான்:

1. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொடர்புகளின் பதில் பொட்டலங்கள்: அனுமதி.
2. வாசல் 443: எல்லோருக்கும் அனுமதி.
3. வாசல் 80: எல்லோருக்கும் அனுமதி. ஆனால் இங்கே வருபவரை 443க்குத் திருப்பி அனுப்புவதே இதன் வேலை.
4. வாசல் 22: நமது கடையின் நிலையான ஐ.பி. முகவரியிலிருந்து மட்டும் அனுமதி.
5. டேட்டாபேஸ் வாசல்: வெளியிலிருந்து யாருக்கும் இல்லை. சர்வருக்குள் இயங்கும் இணையதள மென்பொருள் மட்டும் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.
6. மேலே சொல்லாத அனைத்தும்: மூடு.

இதில் ஆறாவது வரிதான் உயிர்நாடி. அது இல்லையென்றால் மற்ற ஐந்தும் இருந்து பயனில்லை.

நான்காவது வரியில் ஒரு சிக்கல் எழும். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஐ.பி. முகவரி அவ்வப்போது மாறும். இணைப்பு தரும் நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். அல்லது வி.பி.என். என்னும் தனிவழியை அமைத்து, அதன் வழியாக வருபவருக்கு மட்டும் 22ஐத் திறக்கலாம். வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எதைச் செய்தாலும் பாஸ்வேர்டை மட்டும் நம்பாமல் கீ ஃபைல் முறையில் நுழைவதே நல்லது. விண்டோஸ் சர்வரில் கணக்கு மென்பொருள் வைத்து, வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டுமென்று 3389ஐ உலகத்துக்கே திறந்து வைத்திருப்பவர்கள், இதைப் படித்ததும் முதல் வேலையாக அதை மூடி வி.பி.என். வழிக்கு மாறும்படி கேட்டுக்கொள்கிறோம். பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் விரும்பித் தேடும் வாசல்களில் அதுவும் ஒன்று.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. உபுண்டு லினக்ஸில் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வாலும், விண்டோஸில் டிஃபெண்டர் ஃபயர்வாலும் கூடவே வருகின்றன. சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனங்களில் பல, தமது பக்கத்திலும் ஒரு ஃபயர்வாலைத் தருகின்றன. தெருவாசல் கேட்டும் கடை ஷட்டரும்போல இரண்டையும் பயன்படுத்துவது நலம். ஒன்றில் தவறு நேர்ந்தாலும் மற்றொன்று காக்கும்.

வரிசை மாறினால் அர்த்தம் மாறும்

பெரும்பாலான ஃபயர்வால்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். வேலை ஓடுகிறதா என்று பார்க்க யாரோ மேலே 'எல்லோருக்கும் எல்லாம் அனுமதி' என்று ஒரு வரி போட்டுவிட்டு, எடுக்க மறந்துபோனால், கீழே எத்தனை தடை எழுதியிருந்தாலும் அவை படிக்கப்படவே மாட்டா. சில கிளவுட் நிறுவனங்களின் ஃபயர்வாலில் வரிசை கிடையாது. அனுமதிகள் மட்டுமே பட்டியலில் இருக்கும். அங்கும் அப்படி ஒரு வரி போதும், எல்லாம் பாழாவதற்கு.

பட்டியலைப் பார்க்கும்போது 0.0.0.0/0 என்று எழுதியிருந்தால் உலகம் முழுவதற்கும் என்று பொருள். புதிய வகை முகவரியான ஐ.பி.வி.6 முறையில் அதுவே ::/0 என்று எழுதப்படும். 443, 80 ஆகிய இரண்டைத் தவிர வேறு வாசலுக்கு எதிரே இவற்றில் ஒன்று இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.

அடிக்கடி நேரும் வேறு இரண்டு தவறுகளையும் குறிப்பிட வேண்டும். பழைய முகவரி முறைக்கு மட்டும் விதி எழுதிவிட்டு, ஐ.பி.வி.6 முறைக்கு எழுதாமல் விடுவது ஒன்று. முன்வாசல் பூட்டியிருக்கும், கொல்லைப்புறம் திறந்திருக்கும். மற்றொன்று, டாக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் சர்வர்களில் நேர்வது. டாக்கர் தானே வாசலைத் திறந்துகொள்ளும், யு.எஃப்.டபிள்யூ. பட்டியலில் மூடியதாகக் காட்டினாலும் வெளியிலிருந்து அந்த வாசல் திறந்தே இருக்கும். டாக்கர் இருந்தால் இதைத் தனியே சோதிக்கும்படி சொல்ல வேண்டும்.

தூரத்தில் உள்ள சர்வரில் முதன்முதலாக ஃபயர்வாலை இயக்கும்போது, 22க்கு நமது முகவரியை அனுமதித்த பின்னரே மற்றவற்றை மூட வேண்டும். வரிசை மாறினால் சாவியை உள்ளே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிய கதையாகிவிடும். அப்படி நேர்ந்தால் உள்ளே போக, சர்வர் தரும் நிறுவனத்தின் கன்சோல் வழி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்து வைப்பது நல்லது.

வெளியே போகும் சரக்குக்கும் கேட் பாஸ்

குடோனில் உள்ளே வருபவர்களை மட்டும் பார்த்தால் போதாது. வெளியே போகும் மூட்டைக்கும் கேட் பாஸ் கேட்கிறோம். சர்வரிலும் அவ்வாறே. எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட திருடன், தன் கருவிகளை வெளியிலிருந்து இறக்கவும், திருடிய விவரங்களை வெளியே அனுப்பவும் வேண்டும். வெளியே போகும் வழி எல்லாம் திறந்திருந்தால் அவனுக்கு வேலை சுலபம். இணையதள சர்வர் வெளியே தொடர்புகொள்ள வேண்டிய இடங்கள் சிலவே: மென்பொருள் திருத்தங்கள் தரும் இடம், பணம் வசூலிக்கும் பேமெண்ட் நிறுவனம், பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்., மெயில் அனுப்பும் சேவை முதலியன. இவற்றை மட்டும் அனுமதித்து மற்றதை மூடலாம். இதை அமைப்பதற்குச் சற்று நேரமும் பொறுமையும் தேவை. ஆனால் பலன் பெரிது.

திறந்த வாசல் வழியே வரும் ஆபத்து

இவ்வளவு செய்த பின்னும் 443 திறந்தேதான் இருக்கும். கடை திறந்தால்தான் வியாபாரம். வாடிக்கையாளர் வேடத்தில் அந்த வாசல் வழியாகவே வருபவனைச் சாதாரண ஃபயர்வால் தடுக்காது. உதாரணமாக, சரக்கு தேடும் பெட்டியில் சீரகம் என்று எழுத வேண்டிய இடத்தில், டேட்டாபேஸுக்கு இடும் கட்டளையை எழுதி அனுப்புவார்கள். இணையதள மென்பொருள் சரியாக எழுதப்படாமல் இருந்தால், அந்தக் கட்டளையை நிறைவேற்றி வாடிக்கையாளர் பட்டியலையே எடுத்துக் கொடுத்துவிடும்.

இதைப் பிடிக்க, பொட்டலத்தைப் பிரித்து உள்ளே உள்ள சரக்கையும் பார்க்கும் வேறு வகை ஃபயர்வால் உண்டு. வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் என்பது அதன் பெயர். மாட்செக்யூரிட்டி என்பது இவ்வகையில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. முதல் சில வாரங்கள் தடுக்காமல் குறித்துக்கொள்ள மட்டும் சொல்லி வைத்து, நியாயமான ஆர்டர்களைத் தவறாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பின்னரே தடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தீபாவளி சீசனில் நல்ல வாடிக்கையாளரே வாசலில் நிற்க நேரிடும். அன்றியும், இது ஓட்டையை மறைக்கும் திரையே தவிர ஓட்டையை அடைப்பதாகாது. மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் போடுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

மற்றொரு வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரே சமயத்தில் பொட்டலங்களை வெள்ளம்போல் அனுப்பி இணைப்பையே அடைத்துவிடும் தாக்குதலை, நமது சர்வரில் உள்ள ஃபயர்வால் சமாளிக்க முடியாது. அதற்குச் சர்வர் தரும் நிறுவனமே மேல்மட்டத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். சர்வர் எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்தவரிடம் கொடுத்த சாவி

அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட்டுக்கு 2013இல் நேர்ந்ததை வணிகர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கம்பெனி நெட்வொர்க்கில் நுழையும் பாஸ்வேர்டு கொடுக்கப்பட்டிருந்தது. திருடர்கள் அந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைந்தார்கள். உள்ளே பகுதிக்குப் பகுதி போதிய தடுப்பு இல்லாததால், அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து பில் போடும் மெஷின்கள் வரை சென்றுவிட்டார்கள். பண்டிகைக் கால விற்பனை நடந்த நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரையில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. 2017இல் 47 மாநிலங்களும் வாஷிங்டன் தலைநகரப் பகுதியும் தொடர்ந்த விவகாரத்தை முடிக்க, அந்நிறுவனம் 1 கோடியே 85 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நமது அளவில் இதன் பாடம் என்ன? கேமரா மாட்டியவர், பில்லிங் மென்பொருள் தந்தவர், கணக்குப் பார்ப்பவர் என்று பலருக்கும் உள்ளே வர வழி கொடுத்திருப்போம். ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய வாசல் மட்டும், வேலை நடக்கும் காலம் வரை மட்டும் திறந்திருக்க வேண்டும். கடையில் வாடிக்கையாளருக்கு வைஃபை தருபவர்கள், அதையும் பில் மெஷின் இருக்கும் நெட்வொர்க்கையும் ரூட்டரில் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

பதிவேடும் சோதனையும்

சரக்கு இருப்பு எடுப்பதுபோல ஃபயர்வால் விதிகளுக்கும் ஒரு பதிவேடு வைப்பது அவசியமாகும். தேதி, வாசல் எண், யாருக்கு, எதற்காக, எது வரை என்ற ஐந்து கட்டங்கள் போதும். காரணம் எழுத முடியாத விதியை நீக்கிவிட வேண்டும். கார்டு மூலம் பணம் பெறுவோருக்குக் கார்டு நிறுவனங்கள் வகுத்துள்ள பி.சி.ஐ. பாதுகாப்பு விதிமுறையே, ஃபயர்வால் விதிகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கச் சொல்கிறது.

சோதனையை வெளியிலிருந்து செய்ய வேண்டும். கடையின் இணைப்பிலிருந்து பார்த்தால் நமக்கென்று திறந்து வைத்ததும் சேர்ந்து தெரியும். மொபைல் இணைப்பிலிருந்து என்மேப் என்ற இலவச மென்பொருளால், நமது சர்வரில் எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்கலாம். 443, 80 தவிர வேறு ஏதேனும் வந்தால் அன்றே விசாரிக்க வேண்டும். பிறருடைய சர்வரை அனுமதியின்றி இவ்வாறு சோதிப்பது தகாது.

ஃபயர்வால் எழுதும் வரவு போக்குக் குறிப்பை, அதாவது லாகை, வேறொரு இடத்திலும் சேமிக்க வேண்டும். நுழைந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, லாகுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். சர்வருக்குள் அத்துமீறி நுழைதல் போன்ற சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதற்கான அவகாசம் 2022 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டு, அதுவும் முடிந்துவிட்டது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விவரங்களுக்குத் தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. பணம் களவு போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கவும்.

1. வெளியிலிருந்து பார்த்தால் எந்தெந்த வாசல்கள் திறந்திருக்கின்றன?
2. பட்டியலின் கடைசியில் மற்றவை அனைத்தும் மூடு என்ற விதி இருக்கிறதா? ஐ.பி.வி.6க்கும் இருக்கிறதா?
3. டேட்டாபேஸ் வெளியே தெரிகிறதா?
4. நிர்வாக வாசலுக்குள் யார் யார், எங்கிருந்து வரலாம்?
5. கடைசியாக எப்போது திருத்தங்கள் போடப்பட்டன?
6. லாகும் பேக்கப்பும் வேறு எங்கே இருக்கின்றன? பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்ததுண்டா?
7. நீங்கள் ஊரில் இல்லாதபோது வேறு யாருக்கு இந்த விவரங்கள் தெரியும்?

கேள்விக்குப் பதில் தெரியாது என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் தவணை கொடுத்து, பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். இந்த மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடுவது உத்தமம். மொபைல் இணைப்பிலிருந்து சோதித்து, இரண்டே வாசல்கள் திறந்திருப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்த பின்னர் பதிவேட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளவும்.